ஓர் இரவு என்பது எத்தனை டிகிரி?

மார்கழி மாதத்து விடியற்காலையில், நெற்குப்பையில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டுச் சமையலறையில், முதல்நாள் மாலை அரைத்து வைத்த இட்லி மாவு பானையின் கழுத்தளவுக்கு எழும்பாமல் வைத்தது வைத்தபடியே கிடப்பதைக் கண்டு, என் மனைவி ஒன்றும் பேசாமல் அதை அடுப்பின் அருகே நகர்த்தி வைத்துவிட்டு, அன்றைய காலைப் பலகாரத்தை இடியாப்பமாக மாற்றிவிடுவது எங்கள் குடும்பத்தில் ஆண்டுதோறும் நடந்துவரும் ஒரு சிறிய நிகழ்ச்சி. அதே பானையில், அதே நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில், அதே கையால் உப்பிட்டுக் கலந்த மாவு சித்திரை மாதத்தில் நடுநிசிக்கு முன்பே பொங்கி வழிந்து, விடிவதற்குள் வாயில் வைக்கமுடியாத புளிப்பேறிவிடுவதும் அவ்வாறே ஆண்டுதோறும் நடப்பதுதான். இவ்விரண்டையும் நாங்கள் பருவத்தின் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருந்தோமே ஒழிய, அவற்றினூடே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியை மான்செஸ்டர் நகரத்திலிருந்து என் பேத்தி கேட்டாள். திருமணமாகி அங்கே குடியேறியிருக்கும் அவள் ஒருநாள் தொலைபேசியில், “ஐயா, ஆயா சொன்னபடியே எல்லாம் செய்தேன், ஓர் இரவு முழுக்க வைத்தேன், மாவு கல்லாட்டம் கிடக்கிறது” என்று வருத்தத்தோடு சொன்னாள். அவளுடைய கணவர் ஓய்வுநாட்களில் வீட்டிலேயே பீர் வடிக்கும் பழக்கமுடையவர். அதற்கென்று ஒரு பழைய குளிர்பதனப் பெட்டியை வைத்து, அதனுள் ஒரு வெப்பமூட்டும் பட்டையையும், வெளியே ஒரு சிறிய உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவியையும் பொருத்தியிருக்கிறார். பெட்டி காலியாயிருந்த ஒரு வாரத்தில் அவள் தன் மாவுப் பாத்திரத்தை அதனுள் வைத்து, கருவியில் 30 என்ற எண்ணை அமைத்துவிட்டுப் படுக்கப்போனாள். பத்து மணி நேரத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டதாம். பீர் நொதிப்பதற்கு 19 டிகிரி போதுமாதலின் இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே காலத்தில் இருக்க இயலாது. ஆகவே தனக்கென்று ஒரு வெப்பமானியும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கவேண்டும், எதை வாங்கலாம் என்பது அவள் கேள்வி. நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பௌதிகம் கற்பித்த நான், என் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு வெப்பமானி கூட இல்லாதிருந்தேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் ராஜ்யத்தில் வீட்டில் மது வடிப்பது சட்டத்துக்கு விரோதமான காரியம். 1937ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியன்று ராஜாஜியின் மந்திரிசபை அதைச் சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமுல்நடத்தியது. இடையிடையே தளர்ந்தும் இறுகியும் வந்திருக்கும் அச்சட்டம், அரசாங்கக் கடைகளிலேயே மது விற்கப்படும் இக்காலத்திலும், தனி மனிதர் தம் வீட்டில் தம் உபயோகத்துக்காக வடிப்பதை அனுமதிக்கவில்லை. இங்கிலாந்திலோ 1963ஆம் ஆண்டு முதல் வீட்டில் பீர் வடிக்க உரிமச்சீட்டே தேவையில்லை; அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மத்திய வரியிலிருந்து விலக்களித்தது. எனக்கு மதுவில் விருப்பமும் இல்லை, அதைப் பரிந்துரைக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் அந்த நாடுகளில் வீட்டில் பீர் வடிப்பவர்கள் நொதித்தல் என்ற காரியத்தை எவ்வளவு சிரத்தையோடு அளந்து பார்க்கிறார்களோ, அந்தச் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையேனும் நாம் நம் மாவுக்கும் தயிருக்கும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

‘ஓர் இரவு வைத்தால் பொங்கும்’ என்று நம் சமையற் புத்தகங்கள் சொல்கின்றன. அவ்வாக்கியம் பொய்யன்று, அது பாதி மெய். அதை எழுதியவர் வாழ்ந்த ஊரின் சீதோஷ்ணம் அவ்வாக்கியத்தினுள் எழுதப்படாத ஒரு சொல்லாக மறைந்திருக்கிறது. மாவைப் பொங்கவைப்பது இரவு அன்று. அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே தங்கியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றுள் லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா முதலில் பெருகிக் கரியமிலவாயுவை வெளிவிட, உளுந்தின் வழவழப்பு அவ்வாயுவைத் தப்பவிடாமல் பிடித்துவைக்க, மாவு எழும்புகிறது என்று இந்நாட்டிலும் அந்நிய நாட்டிலும் ஆராய்ந்த நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். அவ்வுயிர்களுக்குக் கடிகாரம் தெரியாது. 28 முதல் 32 டிகிரி வரை அவை உற்சாகமாக உழைக்கும். 20 டிகிரிக்குக் கீழே சோம்பிக்கிடக்கும். உஷ்ணம் மிகவும் ஏறினாலோ, அல்லது நேரம் நீண்டாலோ, புளிப்பை உண்டாக்கும் வேறு இனங்கள் முந்திக்கொள்ளும். (நான் சொல்லும் டிகிரி யாவும் சென்டிகிரேடு அளவே.) பேத்தியின் கேள்விக்குப் பிறகு நான் எழுதிவைத்த குறிப்பின்படி, எங்கள் வீட்டு மாவுப் பானையினுள் மார்கழி இரவில் இருந்த உஷ்ணம் 23, சித்திரை இரவில் 32. இரண்டுக்கும் பெயர் ‘ஓர் இரவு’தான்.

இதை நம் முன்னோர் அறியாதவர்களா? நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்து வீடுகளே சாட்சி. கனத்த சுவர்களும், உயர்ந்த கூரையும், நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்த வளவுமாகக் கட்டப்பட்ட செட்டிநாட்டு வீடு, வெளியே நண்பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும்போதும் உள்ளறைகளில் அதன் கொடுமையைப் பெருமளவு குறைத்து, இரவின் குளிர்ச்சியைப் பகலுக்கும் பகலின் வெதுவெதுப்பை இரவுக்கும் சேமித்துக் கொடுக்கும் ஒரு மாபெரும் உஷ்ணக் கட்டுப்பாட்டுச் சாதனமே அன்றி வேறென்ன? அந்த வீட்டினுள்ளும் என் அப்பத்தா மாவுப் பானைக்குப் பருவத்துக்கொரு இடம் வைத்திருந்தாள். தைமாதத்தில் அடுப்பு அணைந்த பிறகு அதன் மேடையில், சாம்பலின் சூடு படும்படி; பங்குனி பிறந்ததும் தண்ணீர்க் குடங்களுக்கு அருகில், ஈரமணலின் மேல்; நடுத்தரமான நாட்களில் நெல் குதிரின் அடியில். உறை ஊற்றும்போது பாலில் சுண்டுவிரலை நுனிவரை விட்டு, ஒரு கணம் தாமதித்து, ‘இன்னும் கொஞ்சம் ஆறட்டும்’ என்பாள். அந்தச் சுண்டுவிரல் தவறிய நாள் என் நினைவில் இல்லை.

ஆயினும் அந்தச் சுண்டுவிரலுக்கு இரண்டு குறைகள் உண்டு. அவளிடத்தில் எனக்குள்ள பக்தி குறையாமலேயே அவற்றைச் சொல்கிறேன். முதலாவது, கை உஷ்ணத்தை அளப்பதில்லை. வெப்பம் எவ்வளவு வேகமாகத் தோலைவிட்டுப் போகிறது அல்லது தோலுக்குள் வருகிறது என்பதையே உணர்கிறது. ஒரே அறையில் இரவு முழுதும் கிடந்த பித்தளைத் தவலையையும் மரப்பலகையையும் விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே உஷ்ணத்தில் இருக்க, தவலை சில்லென்று இருக்கும், பலகை இராது. குளிர்ந்த நீரில் கைவைத்திருந்தவருக்கு வெதுவெதுப்பான பாலே சூடாகத் தோன்றும். அடுப்பருகே நின்றவருக்கு அதே பால் ஆறிப்போனதாகத் தோன்றும். அப்பத்தாவின் விரல் அறுபதாண்டுக் காலம் ஒரே சமையலறையில், ஒரே வகைப் பாத்திரத்தில் பழகியதால் இந்தத் தவறுகளைத் தானே திருத்திக்கொண்டது. இரண்டாவது குறை இதைவிடப் பெரிது: அந்த விரல் அறிந்ததைக் கடிதத்தில் எழுத முடியாது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன எங்கள் சமூகத்தார், ரங்கூன் கடையின் வரவு செலவை ஒரு காசு பிசகாமல் பேரேட்டில் பதிந்து, ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்பினார்கள்; ஆனால் பாலில் எப்போது உறை ஊற்றவேண்டும் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் ஒரு பதிவு கிடையாது. அந்த நாடுகள் வெப்பநாடுகளாக இருந்ததால் அக்குறை வெளிப்படவில்லை. இன்று நம் பெண்கள் மான்செஸ்டரிலும் டொரன்டோவிலும் மெல்போர்னிலும் அடுப்பேற்றும்போதுதான் வெளிப்படுகிறது.

மான்செஸ்டர் என்ற பெயரைச் சொல்லும்போது, பௌதிகம் கற்பித்தவனாகிய எனக்கு அந்நகரின் மகத்தான புதல்வர் ஒருவரை நினையாமல் இருக்க இயலவில்லை. அந்நகரை ஒட்டிய சால்ஃபோர்டில் 1818ஆம் ஆண்டு, பீர் வடிசாலை நடத்திவந்த குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். துடுப்புச் சக்கரத்தால் நீரைக் கலக்கி, அக்கலக்கலால் நீரின் உஷ்ணம் எவ்வளவு உயர்கிறது என்று அளந்து, வெப்பமும் உழைப்பும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க ஒரே வஸ்து என்பதை 1840களில் அவர் நிலைநாட்டினார். அந்தப் பரீட்சையில் நீரின் உஷ்ணம் மிகமிகச் சொற்பமே உயரும். அதைக் காண அவர் பயன்படுத்திய வெப்பமானியில் ஃபாரன்ஹீட் டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைக்கூடத் தம்மால் படிக்கமுடியும் என்று அவர் சொன்னபோது, கற்றறிந்த பலர் நம்ப மறுத்தார்கள். வடிசாலையில் வளர்ந்தவருக்கு உஷ்ணத்தை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் பழக்கம் இயல்பாகவே வந்திருக்கவேண்டும் என்று நான் எண்ணுவது வழக்கம். ஏனெனில் வடிசாலைக்காரர்கள் அதற்கு முன்பே நெடுங்காலமாக வெப்பமானியோடு பழகியவர்கள். ஃபாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தது 1714ஆம் ஆண்டு. அரை நூற்றாண்டுக்குள்ளாகவே, 1758ஆம் ஆண்டில், மைக்கேல் கோம்புரூன் என்ற லண்டன் வடிசாலைக்காரர் அத்தொழிலில் வெப்பமானியைப் பயன்படுத்தும் முறையை நூலாகவே எழுதிவிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர், இத்தகைய புதுமைகளை விரும்பாத தம் தகப்பனாருக்குத் தெரியாமல் வெப்பமானியை ஒளித்துவைத்து உபயோகித்ததாக ஒரு வரலாறு உண்டு. அந்தத் தகப்பனாரின் கையும் என் அப்பத்தாவின் கையைப் போலவே பழகிய கையாகத்தான் இருந்திருக்கும். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

பீர் வடிப்பதற்காக முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது 65 முதல் 68 டிகிரி வரை இருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். சில டிகிரி மிஞ்சினால் அம்மாற்றத்தைச் செய்யும் நொதிகள் அழிந்துவிடும். பிறகு ஈஸ்டு சேர்த்து நொதிக்கவிடும்போது ஒருவகைப் பீருக்கு 18 முதல் 20, வேறொரு வகைக்கு 10 முதல் 12. அங்கே எண்ணில்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. நம் மாவும் தயிரும் இவ்வளவு கறாரானவை அல்ல. அவை கொஞ்சம் மன்னிக்கும். அந்த மன்னிப்பே நம்மை அசட்டையாக்கிவிட்டது.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் விலக்கவேண்டியவற்றைச் சொல்கிறேன். பாதரச வெப்பமானி எத்துணை நம்பகமானதாயினும் சமையலறைக்குள் வரவே கூடாது. உடைந்தால் பாதரசம் உணவில் கலக்கும், தரையின் இடுக்குகளில் தங்கி ஆவியாகி மூச்சில் ஏறும். மினமாத்தா உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தமே அத்தகைய கருவிகளின் உற்பத்தியை நிறுத்த வழிசெய்திருக்கிறது. இந்தியாவும் அதை 2018ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. சுவரில் தொங்கும் வெப்பமானி காற்றின் உஷ்ணத்தைச் சொல்லுமேயன்றிப் பானைக்குள் இருப்பதைச் சொல்லாது. பெருந்தொற்றுக் காலத்தில் வாசலுக்கு வாசல் நெற்றியை நோக்கி நீட்டப்பட்ட துப்பாக்கி போன்ற அகச்சிவப்புக் கருவியைச் சமையலுக்கும் உபயோகிக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது மேற்பரப்பை மட்டுமே காணும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கத்தை நோக்கிப் பிடித்தாலோ, பாத்திரத்தின் உஷ்ணத்தைக் காட்டாமல், கண்ணாடி போல அதில் பிரதிபலிக்கும் சுற்றுப்புறத்தின் உஷ்ணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். முகப்பில் வட்டமுள்ளுடைய உலோகக் கருவி பால் காய்ச்சப் பரவாயில்லை. ஆனால் அதன் தண்டு ஓரிரு அங்குலமேனும் அமிழ்ந்திருந்தாலன்றி மெய் சொல்லாது, முள் நிலைகொள்ளவும் நேரமெடுக்கும்.

எஞ்சுவது, மெல்லிய எவர்சில்வர் தண்டின் நுனியில் உணரியை அடக்கி, எண்ணாகக் காட்டும் மின்கலக் கருவி. அந்நுனியில் இருப்பது பெரும்பாலும் தெர்மிஸ்டர் என்ற சிறிய பொருள். உஷ்ணம் ஏற ஏற அதன் மின்தடை குறையும், அக்குறைவைக் கருவி டிகிரியாக மாற்றிக் காட்டும். இதைவிட உயர்ந்தது பிளாட்டினக் கம்பியால் ஆன உணரி. 0 டிகிரியில் 100 ஓம் மின்தடையும், 100 டிகிரியில் 138.5 ஓமும் கொண்ட அது ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்றது. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. தானே கருவி அமைத்துக்கொள்ளும் இளைஞர்கள் நாடும் டி.எஸ். 18பி20 என்ற உணரி அரை டிகிரி வித்தியாசத்துக்குள் சரியாகக் காட்டும். மாவுக்கும் தயிருக்கும் அது தாராளம். வாங்குகிறவர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: எண்ணுக்குப் பின் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் காட்டுவதால் ஒரு கருவி சத்தியசந்தமாகிவிடாது. நுட்பமாகப் படிப்பது வேறு, மெய்யாகப் படிப்பது வேறு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நகரத்துக் கடையில் மிக அழகான கருவி ஒன்றை வாங்கிவந்து, அது காட்டிய 30.25 என்ற எண்ணை வேதவாக்காகக் கொண்டு ஒரு மாதம் மாவை வைத்து, ஒவ்வொரு நாளும் புளித்த இட்லியைச் சாப்பிட்டோம். பிறகு பரீட்சித்தபோது அது மூன்று டிகிரி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஆகவே எதை வாங்கினாலும் முதலில் அதைப் பரீட்சை செய்யுங்கள். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி ஒரு டம்ளர் நிறைய இட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்கி, தண்டின் நுனி பாத்திரத்தில் படாமல் நடுவில் நிற்கும்படி இரண்டு நிமிஷம் பிடியுங்கள், 0 காட்டவேண்டும். நீர் நிறைய இருந்து இரண்டு துண்டு பனிக்கட்டி மிதந்தால் அந்தப் பரீட்சை செல்லாது. அடுத்தது கொதிநீர். எங்கள் நெற்குப்பை கடல்மட்டத்துக்கு அதிக உயரமில்லாத சமவெளியாதலால் நீர் இங்கே ஏறக்குறைய 100 டிகிரியிலேயே கொதிக்கும். கொடைக்கானலில் இருப்பவருக்கு 93ஐ ஒட்டித்தான் கொதிக்கும், கருவியைக் குறைகூற வேண்டாம். இவ்விரண்டையும்விட நமக்குப் பிரயோஜனமானது மூன்றாவது ஒன்று. நமக்கு வேண்டிய உஷ்ணமோ 30க்கும் 45க்கும் இடையில் இருப்பது. அந்த இடத்தில் நம்பத்தக்க கருவி ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதுதான் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி. 35 முதல் 42 வரை மட்டுமே காட்டுவதாலும், ஏறிய எண் தானே இறங்காததாலும் அதைச் சமையலுக்கு உபயோகிக்க முடியாது. ஆனால் சாட்சிக்கு அழைக்கலாம். வெதுவெதுப்பான நீரில் இரண்டையும் ஒருங்கே பிடித்து, 39 டிகிரி அளவில் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் அந்த வேறுபாட்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியிலேயே ஒட்டிவிடுங்கள். தவறு இன்னதென்று தெரிந்த கருவி, தவறே இல்லாததைப் போலவே பயன்படும்.

கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றி என் அபிப்பிராயம் சற்றே வேறானது. நெற்குப்பையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது தேவையே இல்லை. பானையின் உஷ்ணம் 23 என்று தெரிந்துவிட்டால் அதை அடுப்பு மேடைக்கு நகர்த்தவும், 32 என்று தெரிந்தால் நேரத்தைக் குறைக்கவும், ஈரத்துணி சுற்றவும் நமக்குத் தெரியும். வீடே கட்டுப்பாட்டுக் கருவியாக இருக்கும் ஊரில் மற்றொன்று எதற்கு? ஆனால் மெல்லிய சுவர்களும், வருஷத்தில் பெரும்பகுதி 18 டிகிரியைத் தாண்டாத அறைகளும் கொண்ட நாட்டில் வாழ்பவளுக்கு அது அவசியம். எஸ்.டி.சி. 1000 என்ற பெயரில் உலகமெங்கும் விற்கும் எளிய கருவியையும் அதன் வகையறாக்களையும்தான் வீட்டில் பீர் வடிப்பவர்கள் அதிகம் உபயோகிக்கிறார்கள். அதில் இரண்டு மின்விசைகள் உண்டு: ஒன்று சூடேற்ற, மற்றொன்று குளிரூட்ட. நாம் அமைக்கவேண்டியவை நான்கே: வேண்டிய உஷ்ணம், அதிலிருந்து எவ்வளவு விலகினால் விசை இயங்கவேண்டும் என்ற இடைவெளி, குளிர்பதனப் பெட்டியின் அழுத்தி நின்றபிறகு மறுபடி இயங்குமுன் பொறுக்கவேண்டிய நிமிஷங்கள், உணரியின் தவறைச் சரிக்கட்டும் திருத்தம். இடைவெளியை மிகவும் குறைத்தால் விசை ஓயாமல் தட்டித்தட்டிப் பழுதாகும்; மாவுக்கு ஒரு டிகிரி இடைவெளி போதும். மூன்றாவதை அலட்சியம் செய்தால், நின்ற மறுகணமே அழுத்தத்தை எதிர்த்து இயங்க முயன்று அழுத்தியின் மோட்டார் கெட்டுப்போகும்; ஐந்து நிமிஷம் வைத்தல் நலம். நான்காவதை நிரப்புவதற்குத்தான் மேலே சொன்ன பரீட்சை வேண்டும். உண்மையறியாத உணரியோடு பிணைத்த கட்டுப்பாட்டுக் கருவி, தவறான கணக்கை நாள் தவறாமல் எழுதும் குமாஸ்தாவைப் போன்றது. அதனால்தான் வெப்பமானி முதலில், கட்டுப்பாட்டுக் கருவி அதன் பிறகு என்று பேத்திக்குச் சொன்னேன்.

உணரியை எங்கே வைப்பது என்பது எந்தக் கருவியை வாங்குவது என்பதைவிட முக்கியமானது; வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை. பெட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டால், காற்று நொடியில் சூடாகி விசை நின்றுவிடும், மாவு குளிர்ந்தே கிடக்கும். மாவின் நட்டநடுவில் புதைத்தால், வெப்பம் நடுவை எட்டுவதற்குள் பாத்திரத்தின் ஓரம் காய்ந்து வெந்துவிடும். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில், உள்ளிருக்கும் மாவின் பாதி உயரத்துக்கு நேராக, உணரியை ஒட்டவைத்து அதன்மேல் தடித்த துணியை நாலாக மடித்துக் கட்டினால், அது காற்றை மறந்து பாத்திரத்தை மட்டுமே பார்க்கும். வீட்டில் பீர் வடிப்பவர்கள் அநுபவத்தில் கண்ட இந்த உபாயத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு: ஈஸ்டு உழைக்கும்போது தானே வெப்பத்தை வெளிவிடுவதால், தீவிரமாக நொதிக்கும் பீப்பாயின் உள்ளே அறையின் உஷ்ணத்தைவிடச் சில டிகிரி அதிகமிருக்கும், அறையை அளந்துகொண்டிருப்பவர் ஏமாந்துபோவார். நம் சிறிய மாவுப் பாத்திரத்தில் அந்த வெப்பம் சொற்பமே.

சூடேற்றுவதற்குச் சில வாட் சக்தியே போதும். பெரிய சூட்டடுப்பு வேண்டவே வேண்டாம். தெர்மோகோல் பெட்டியில் மின்விளக்கை வைத்துச் சூடேற்றும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. தெர்மோகோல் எளிதில் இளகித் தீப்பற்றக்கூடிய பொருளாதலால் அதைவிடப் பாத்திரத்தைச் சுற்றும் குறைந்த சக்தியுடைய வெப்பப் பட்டையே மேலானது. ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் கூடும் காரியமிது. நிலக்கம்பி இணைப்புள்ள மூன்று முனைச் செருகியும், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு விசையும் இல்லாத வீட்டில் யாரும் இதைத் தொடங்கவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுப்பாட்டுக் கருவியிலுள்ள விசையின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டு நிற்காமலே போவதும் உண்டு. அப்போது இரவெல்லாம் சூடேறினாலும் ஆபத்து விளையாத அளவுக்குப் பட்டையின் சக்தி குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காகவும் இதை வற்புறுத்துகிறேன்.

இந்த ஒரே ஏற்பாட்டில் 30 என்று வைத்தால் மாவு, 42 என்று வைத்தால் தயிர். 42இல் பாலைக் கெட்டியாக உறையவைக்கும் உயிரினங்கள் உறைமோரில் இருந்தால் நாலைந்து மணி நேரத்தில் தயிர் வெட்டியெடுக்கலாம் போல ஆகிவிடும். வேண்டியது இவ்வளவே.

ஆனால் என் பேத்தி ஒருத்தியின் மாவு பொங்குவதற்காக மட்டும் நான் பத்திரிகையில் எழுதத் துணியவில்லை. சமையற்கலை பற்றி எழுதுவோருக்கும், அவர்கள் எழுதுவதை அச்சிடும் பதிப்பாளருக்கும், திரையில் செய்துகாட்டும் பெண்மணிகளுக்கும் என் விண்ணப்பம் ஒன்றுண்டு. ‘ஓர் இரவு’ என்று எழுதும் இடத்திலெல்லாம் பக்கத்தில் ஓர் எண்ணைச் சேருங்கள். ‘28 டிகிரியில் பத்து மணி நேரம்’ என்று எழுதினால் அது நெற்குப்பையிலும் செல்லும், நார்வேயிலும் செல்லும். ‘கைபொறுக்கும் சூட்டில்’ என்பதை நீக்கவேண்டாம்; அந்தச் சொல்லில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது; அதன் பக்கத்தில் எண்ணையும் வையுங்கள். எங்கள் ஊரில் 1921ஆம் ஆண்டு பிறந்த சோமலெ அவர்கள், போன நாடுகளைப் பற்றியும் தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் எழுதியபோது, வர்ணனையோடு நில்லாமல் புள்ளிவிவரங்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். எங்கள் ஊர் நூலகத்தில் அவருடைய நூல்களைப் புரட்டும்போதெல்லாம், படிக்கிறவனிடம் எழுதுகிறவனுக்குள்ள மரியாதை அந்த எண்களில் தெரிவதாக எனக்குத் தோன்றும். அந்த மரியாதையைச் சமையற் புத்தகம் ஏன் காட்டக்கூடாது? நம் அருமையான பலகாரங்களை எண்ணில்லாமல் எழுதி அச்சிடுவது, அவற்றை ஏற்கெனவே செய்யத் தெரிந்தவர்களுக்காக மட்டுமே எழுதுவதாகும். தாயின் அருகில் நின்று கற்கும் பாக்கியம் இல்லாத பெண்ணுக்கும், முதன்முதலாக அடுப்பைத் தொடும் ஆணுக்கும் அந்தப் புத்தகம் கதவை அடைத்துவிடுகிறது.

எண் வந்தால் கைப்பக்குவம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்கவேண்டும். பரீட்சித்துத் தேர்ந்த வெப்பமானி கைக்கு வந்ததும், நான் என் மனைவியிடம் அதன் எண்ணைக் காட்டாமல், பன்னிரண்டு நாள், அவள் பாலில் விரலை விட்டு ‘இப்போது ஊற்றலாம்’ என்று சொல்லும் கணத்தில் பாலின் உஷ்ணத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு நாளும் அந்த எண் 41க்குக் கீழே இறங்கவில்லை, 44க்கு மேலே ஏறவில்லை. என் அப்பத்தாவிடம் அவள் மருமகளாகிய என் ஆத்தா கற்று, ஆத்தாவிடம் என் மனைவி கற்ற அந்தச் சுண்டுவிரலின் கணக்கு, மூன்று தலைமுறைக்குப் பிறகு முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது. அந்தத் தாளை அப்படியே படமெடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன்; மாவுக்கு 30, பத்து மணி நேரம் என்பதையும் கீழே சேர்த்தேன்.

மறுநாள் அவள் தயிர் உறைந்துவிட்டதென்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் எத்தனை டிகிரி காயவேண்டும் என்று ஆயாவிடம் கேட்டாள். என் மனைவி ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டால் அது எப்படி எழவேண்டும் என்று விவரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி அந்தக் கருவியை எடுத்துவரச் சொன்னாள். அது 110க்கு மேல் காட்டாது. எண்ணெய்க்கென்று 250 வரை செல்லும் வேறொன்று வாங்கவேண்டும். திருப்பத்தூருக்குப் போகும்போது விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.